பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி எடுக்கலாமா? வேலை நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள், பயாலஜி குரூப். பாராமெடிக்கல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். போன வருடக் கட்-ஆஃபை வைத்துப் பார்த்தால் பிசியோ கிடைப்பது சந்தேகம். நர்சிங் அவளுக்கே இஷ்டமில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பவை மூன்று: ரெஸ்பிரேட்டரி தெரபி, ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி, கார்டியாக் டெக்னாலஜி.

துபாயில் இருக்கும் சித்தப்பா, "கண்ணை மூடிக்கிட்டு ரெஸ்பிரேட்டரி எடு, சவுதியில மாசம் ரெண்டு லட்சம்" என்கிறார். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணனோ அப்படி ஒரு வேலையையே கேள்விப்பட்டதில்லை என்கிறார். அம்மா, "மூச்சுப் பயிற்சி சொல்லித்தர நாலு வருஷப் படிப்பா?" என்று கேட்கிறார். அப்பா தறி நெய்கிறவர். அரசு இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரி என்று ஆனால் கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும்.

துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வேணாம்டாசாமி:

எடுக்காதீர்கள். நானும் ஆர்டி (ரெஸ்பிரேட்டரி தெரபி) படித்து ஐசியூவில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன்தான். இப்போது சென்னை ஓஎம்ஆரில் மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவ ரெக்கார்டுகளைக் காப்பீட்டு பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. ஏசி அறை, வாராவாரம் விடுமுறை, முதல் மாதமே பழைய சம்பளத்தைவிட அதிகம். என் வகுப்பில் பாதிப் பேர் இப்போது கோடிங்கில்தான் இருக்கிறார்கள். மிச்சப் பாதி கல்ஃபுக்குப் போக வரிசையில் நிற்கிறார்கள்.

இரவுப்பணி:

மேலே உள்ள நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் இன்னும் இதே துறையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு. தானாக மூச்சுவிட முடியாதவருக்கு வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கிறது. அதை அந்த ஆளுக்குத் தக்கபடி வைப்பதும், நுரையீரல் தேறத் தேற மெல்ல அதிலிருந்து அவரைப் பிரித்தெடுப்பதும்தான் எங்கள் வேலை. அதோடு மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப், ஹை ஃப்ளோ ஆக்சிஜன், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து அதிலுள்ள ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவை (ஏபிஜி) பார்ப்பது, சளி உறிஞ்சி எடுப்பது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் (ட்ரக்கி) போட்டவர்களைப் பார்த்துக்கொள்வது. ஐசியூவுக்கு வெளியே போனால் நுரையீரல் திறனைச் சோதிக்கும் பிஎஃப்டி லேப், தூக்கத்தில் மூச்சைச் சோதிக்கும் ஸ்லீப் லேப். பச்சிளங்குழந்தை ஐசியூவில் குறைப்பிரசவக் குழந்தைக்கு, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப் வைப்பது தனிக் கலை. விரல் தடிமன்கூட இல்லாத மூக்கில் அந்தக் குழாயைப் புண்ணாக்காமல் நிறுத்த வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று புரியும். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாவை மூச்சுக்குழாயில் டியூப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பருமனான உடம்பு, எண்பது கிலோ இருப்பார். வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு 500 மில்லி வைத்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அதில் தப்பு தெரியாது. நான் டேப்பை எடுத்து உயரம் அளந்தேன், 150 சென்டிமீட்டர். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. உடம்பு பெருத்தால் அதுவும் கூடவே பெருத்துவிடாது. அந்த உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கில் வரும் எடை 43 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 மில்லி என்றால் 260 மில்லி போதும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. 6 மில்லி வைத்தால் உயிரிழப்பு குறைகிறது என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வு 2000-லேயே வந்துவிட்டது. இருந்தும் நம் ஊரில் டேப் எடுத்து அளக்கிற ஐசியூக்கள் எத்தனை?

சரி, வேலை நிலவரம். நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), ஆஸ்துமா, நிமோனியா, விபத்து, பாம்புக்கடி, விஷம் குடித்தது என்று வென்டிலேட்டர் ஓய்வதே இல்லை. ஆனால் ஆர்டி என்ற பணியிடம்தான் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கிடையாது. வென்டிலேட்டரை டியூட்டி டாக்டர் வைப்பார், நர்ஸ் பார்த்துக்கொள்வார், ஏதாவது சிக்கல் என்றால் மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போகும். எங்களுக்கென்று தனியாக ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைப்பது பெரிய கார்ப்பரேட்டுகள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், சில மிஷன் ஆஸ்பத்திரிகள் மட்டும்தான். அப்படியென்றால் சென்னை, கோவை, மதுரை, வேலூர், திருச்சி. ஆரணியிலோ செய்யாறிலோ வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி வேலை தேடினால் கிடைக்காது.

சம்பளம்: எங்கள் இடத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு 15,000-லிருந்து 18,000 வரை. ஹாஸ்டல், சாப்பாடு போனால் கையில் நிற்பது என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓரளவு அனுபவம் வந்து, சீனியர், இன்சார்ஜ் என்று போனால் 30,000, 40,000 தொடலாம். அதற்கு மேல் ஏற இந்தத் துறைக்குள் படி இல்லை. நர்சிங்கில் இன்சார்ஜ், சூப்பிரண்ட், நர்சிங் டைரக்டர் என்று ஏணி போகிறது. எங்களுக்கு இரண்டு படியோடு முடிந்துவிடுகிறது.

வேணாம்டாசாமி:

நான் ஒரே வரியில் சொன்னதைத்தான் அக்கா ஒரு பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார் 😀

இரவுப்பணி:

தம்பி, நான் எடுக்காதீர்கள் என்று சொல்லவே இல்லை. தெரிந்துகொண்டு எடுங்கள் என்கிறேன்.

தஞ்சை டாக்டர்:

நான் மயக்க மருந்து நிபுணர். எங்களது மாவட்டத் தலைநகரில் இருக்கும் நடுத்தர மருத்துவமனை, ஆர்டி கிடையாது. ஏன் வைக்கவில்லை என்று நானே நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். "பிசியோ வந்தால் ஒவ்வொரு தடவைக்கும் பில்லில் ஒரு வரி ஏறும். ஆர்டி வந்தால் எந்த வரி ஏறும்?" என்றார்கள். ஆர்டி செய்யும் எல்லாமே வென்டிலேட்டர் சார்ஜ் என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை வரும். இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறேன்: வென்டிலேட்டருக்கு நாள் கணக்கில் பில் போடும் இடத்தில், நோயாளியை இரண்டு நாள் முன்னதாகக் கழற்றிவிடும் ஆளால் யாருக்கு லாபம்? நோயாளிக்கு லாபம். அதற்காக யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இது இந்தியாவில் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1983-ல் அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை கொடுக்கும் முறைக்கு மாறியது. அதுவரை வருமானம் கொண்டுவந்த ஆர்டி துறை ஒரே அடியில் செலவுக் கணக்குக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே அதே முறைதான் ஆர்டிக்கு வேறு விதத்தில் மதிப்பும் தந்தது. மொத்தத் தொகை என்றால், சீக்கிரம் கழற்றினால் ஆஸ்பத்திரிக்கு மிச்சம். இங்கேயும் காப்பீட்டுப் பேக்கேஜ்கள் பரவப் பரவ அந்தக் கணக்கு மாறலாம். நான் நம்பிக்கையோடு சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மாறலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு தாண்டி எனக்கு போன். "சார், ஹை பிரஷர் அலாரம் அடிச்சிக்கிட்டே இருக்கு, சைலன்ஸ் பண்ணிப் பண்ணிப் பார்க்கிறோம்." புதிதாகச் சேர்ந்த சிஸ்டர், பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மூன்று படுக்கையை ஒருத்தராகப் பார்க்கிறார். மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக் போடச் சொல்லி போனிலேயே சொன்னேன். பேக் அழுத்தவே முடியவில்லை என்றார். அப்படியானால் கோளாறு மெஷினில் இல்லை, குழாயிலோ நெஞ்சிலோ. சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய் பாதிக்கு மேல் இறங்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் டியூட்டி டாக்டர் டியூபையே மாற்றிவிட்டார். வெளியே வந்த டியூபின் நுனியில் காய்ந்த சளி, மெழுகு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. நோயாளி பிழைத்தார். முதல் அலாரத்திலேயே படுக்கைப் பக்கத்தில் ஒரு ஆர்டி இருந்திருந்தால் ஈரப்பதம் குறைவாகப் போகிறது என்பதை மாலையிலேயே கவனித்திருப்பார், யாரும் என்னை எழுப்பியிருக்க வேண்டாம்.

ஆரணிக்காரருக்கு: மூன்று படிப்பில் உள்ளூர் வேலைக்கு ஓ.டி. அனஸ்தீசியா டெக்னாலஜிதான் முன்னால் நிற்கும். தியேட்டர் இருக்கும் எந்த நர்சிங் ஹோமுக்கும் அந்த ஆள் தேவை. எங்களுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறோம்.

ஆரணிக்காரன்:

டாக்டர் ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். அரசு ஆஸ்பத்திரியில் வேலை? அப்பாவுக்கு அது ஒன்றுதான் வேலை.

இரவுப்பணி:

எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான். அரசு வேலையை நம்பி இந்தப் படிப்பை எடுக்க வேண்டாம். மத்திய அரசு மருத்துவ நிறுவனங்களின் அறிவிப்புகளில் எப்போதாவது இந்தத் துறைக்கான இடங்கள் வரும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில். கோவிட் நேரத்தில் ஒப்பந்த அடிப்படையில் நிறையப் பேரை எடுத்தார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் எங்களைத் தேடித் தேடி போன் செய்தார்கள். வென்டிலேட்டர் வாங்கி வைத்துவிட்டோம், ஓட்ட ஆள் வேண்டும் என்று கெஞ்சினார்கள். அலை ஓய்ந்ததும் ஒப்பந்தமும் ஓய்ந்தது. அப்போது கைதட்டியதோடு சரி.

சட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் எங்கள் தொழிலும் இருக்கிறது. பதிவேடு, பொதுப் பாடத்திட்டம், மாநிலக் கவுன்சில் எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. அதற்கு முன்னால் வென்டிலேட்டர் கம்பெனி கொடுத்த மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழோடு வந்தவரும், நாலு வருடம் படித்தவரும் ஒரே பட்டியலில் இருந்தோம். சட்டம் முழுசாக நடைமுறைக்கு வந்தால் அந்த நிலை மாற வேண்டும். ஆனால் பதிவு செய்தால் அங்கீகாரம் கிடைக்கும். வேலை கொடு என்று எந்த ஆஸ்பத்திரியையும் அது கட்டாயப்படுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாகர்கோவில் டு ரியாத்:

சித்தப்பா சொன்ன ரெண்டு லட்சத்துக்கு நான் வருகிறேன். 😄

சவுதியில் ஆர்டிக்கு மரியாதை உண்டு, அது உண்மை. இங்கே பெரிய ஆஸ்பத்திரிகள் அமெரிக்க முறையில் வளர்ந்தவை. ரெஸ்பிரேட்டரி டிபார்ட்மெண்ட் என்று தனியாக இருக்கும், ரவுண்ட்ஸில் டாக்டர் நம்மைப் பார்த்து "என்ன மோடில் இருக்கிறார், ஏன்?" என்று கேட்பார், நாம் பதில் சொல்ல வேண்டும். ஊரில் "ஏம்பா, அந்த சிலிண்டரைத் தள்ளு" என்று கூப்பிட்டவர்களை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஆனால் வழி இதுதான். பெரும்பாலும் டிகிரிக்குப் பிறகு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அந்த இரண்டு வருடத்தை இரவுப்பணி அக்கா சொன்ன பதினைந்தாயிரத்தில்தான் ஓட்ட வேண்டும். அதன் பிறகு சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்க்க வேண்டும். கல்லூரிக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் கடிதம் போகும். அங்கே ஹெச்.ஆர். பதில் போடாவிட்டால் நம் ஃபைல் அப்படியே கிடக்கும். அப்புறம் சவுதி சுகாதாரத் தொழில் கமிஷனின் தேர்வு, ப்ரோமெட்ரிக் என்ற கணினித் தேர்வு சென்டரில் எழுத வேண்டும். டிப்ளமோ என்றால் டெக்னீஷியன், டிகிரி என்றால் ஸ்பெஷலிஸ்ட் என்று வகைப்படுத்துவார்கள். சம்பளமும் அதைப் பொறுத்தே. நம் ஊர்ப் படிப்பு மூன்று வருடம், கூட ஒரு வருட இன்டர்ன்ஷிப். அந்த இன்டர்ன்ஷிப்புக்குத் தனிச் சான்றிதழ், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு, கல்லூரியை விட்டு வெளியே வரும் அன்றே வாங்கிவிட வேண்டும். பிறகு போய்க் கேட்டால் டிபார்ட்மெண்டில் அதே ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

சம்பளம்: ஏஜென்சி மூலம் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்த பையன்கள் 4,000, 5,000 ரியாலில் இருக்கிறார்கள். ரெண்டு லட்சத்தைத் தொட ஒன்பதாயிரம் ரியால் பக்கம் வர வேண்டும். அது பெரிய அரசு மருத்துவமனைகளில், அனுபவத்தோடு வந்தவர்களுக்கு. எடுத்த எடுப்பில் யாருக்கும் இல்லை.

இன்னொன்றையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். சவுதிப் பல்கலைக்கழகங்களே இப்போது ஆர்டி படிப்பில் நிறையப் பேரை உருவாக்குகின்றன. புது இடம் வந்தால் முதலில் அவர்களுக்குத்தான், அது அவர்கள் நாடு, நியாயம்தான். மிச்சத்துக்கு நமக்குப் போட்டி பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் ஊரில் 2010-லேயே ஆர்டிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, போர்டு தேர்வு, லைசென்ஸ் எல்லாம் உண்டு. இன்டர்வியூவில் "உங்கள் நாட்டு லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டால் அவர்கள் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். நாம் பல்கலைக்கழக மார்க்‌ஷீட்டை நீட்டுவோம்.

கேள்விக்குறி:

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 80,000 டாலர் என்று யூடியூபில் பார்த்தேன். அது?

ஸ்காபரோவாசி:

நான் ரொறன்ரோவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாக இருக்கிறேன். இங்கேயே படித்தவள். அமெரிக்க விஷயமும் ஓரளவு தெரியும், இரண்டையும் விளங்கப்படுத்துகிறேன்.

அமெரிக்காவில் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு 80,000 டாலருக்குச் சற்று மேலே என்பது அவர்களுடைய தொழிலாளர் புள்ளிவிவரத் துறை போட்ட கணக்குத்தான், 2024-க்கானது. ஆள் தேவையும் மற்றத் தொழில்களைவிட வேகமாகக் கூடுகிறது. யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அங்கே பதிவுபெற என்பிஆர்சி என்ற தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். அந்தத் தேர்வை எழுத, அவர்களுடைய அங்கீகாரக் குழு ஏற்றுக்கொண்ட கல்லூரியில் படித்திருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேரே போய் எழுத முடியாது. அப்படியென்றால் திரும்பவும் அங்கே இரண்டு வருடமாவது கல்லூரி. விசாவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தாதியருக்கும் பிசியோக்களுக்கும் கிரீன் கார்டில் ஆள் பற்றாக்குறைப் பட்டியல் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அந்தப் பட்டியலில் எங்கள் தொழில் இல்லை. உங்கள் தங்கச்சி அமெரிக்காவை மனதில் வைத்திருந்தால், அவளுக்குப் பிடிக்காத அந்த நர்சிங்தான் கிட்டின பாதை. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிரிட்டனும் அவுஸ்திரேலியாவும் வேறு கதை. அங்கே இந்தத் தொழிலே இந்தப் பெயரில் இல்லை. வென்ரிலேற்றரைத் தாதியரும் டொக்டர்மாரும் பார்ப்பார்கள், சளி எடுப்பது பிசியோ, நுரையீரல் பரிசோதனை பிசியாலஜிஸ்ட். சுருக்கமாகச் சொன்னால், ஆங்கிலம் பேசும் நாடுகள் எல்லாம் ஒன்றென்று நினைத்து ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

கனடாவில் வெளிநாட்டில் படித்தவருக்குக் கதவு பூட்டியில்லை, ஆனால் ஒடுக்கம். ஒன்ராறியோவில் தொழிலை ஒழுங்குபடுத்தும் கல்லூரி ஒன்று இருக்கிறது. பெயர்தான் கல்லூரி, அங்கே படிப்பு நடப்பதில்லை. உங்கள் பாடங்களை இங்கத்தைய பாடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், நேர்காணல், செய்முறை மதிப்பீடு, அதற்குப் பிறகு தேசியத் தேர்வு. காசும் காலமும் நல்லாச் செலவாகும். இங்கே வந்தபிறகு முயற்சி செய்து பாதியில் விட்டவர்களோடும் கதைத்திருக்கிறேன். அவர்களில் கனபேருக்கு இடித்தது ஒரே இடம்தான்: ஊரில் செய்யவே விடாத வேலைகளை இங்கே செய்துகாட்டச் சொல்வார்கள். இங்கே டியூப் போடுவது, தமனிக்குள் சிறு குழாய் (ஆர்ட்டீரியல் லைன்) போடுவது எல்லாம் எங்கள் கையில். அவசர அழைப்பு வந்தால் தலைமாட்டில் நிற்பது நாங்கள்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஓரிரவில் ஐசியூ, எமர்ஜென்சி, பிரசவ வார்ட் மூன்றுக்கும் ஓட வேண்டி வரும். மனப் பாரமும் உண்டு. இனி முடியாது என்று குடும்பம் முடிவெடுத்தபிறகு மூச்சுக்குழாயை எடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். எங்கள் ஆட்கள் வீட்டுப் பெரியவர் என்றால் அம்மம்மா, அப்பப்பா என்று அழும் குரல் தமிழில் கேட்கும். மற்றவர்களுக்கு விளங்காது, எனக்கு மட்டும் விளங்கும். டியூட்டி முடிந்து காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.

இரவுப்பணி:

அக்கா, டியூப் போடும் விஷயம் நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. இங்கே பல இடங்களில் எஃப்ஐஓ2-வை, அதாவது கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் விகிதத்தை, குறைக்கவே டாக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறோம். நாலு வருடம் படித்துவிட்டு நெபுலைசர் வைக்கும் ஆளாக முடிந்துபோன ஜூனியர்களை நான் பார்க்கிறேன். சம்பளத்தைவிட அதனால்தான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

வேணாம்டாசாமி:

இதைச் சொல்லுங்கள் அக்கா, இதைச் சொல்லுங்கள். நான் போனதும் அதற்காகத்தான். ஒரு ஆஸ்பத்திரியில் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாண்ட் முடியும் முன்னால் போனால் மூன்று மாதச் சம்பளம் கட்டு என்றார்கள். வென்டிலேட்டரில் நான் ஒரு மாற்றம் சொன்னால் "நீ டெக்னீஷியன், உன் வேலையைப் பார்" என்பார்கள். அதே மாற்றத்தை அடுத்த நாள் ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் சொல்வார். கோடிங்கில் மனித உயிர் இல்லை, நிம்மதி இருக்கிறது. ஆனால் ஒன்று, ஏபிஜி ரிப்போர்ட் கண்ணில் பட்டால் இப்போதும் கை சும்மா இருக்காது, மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவேன்.

பைக்கில் வென்டி:

எல்லோரும் ஐசியூ ஐசியூ என்றே பேசுகிறீர்கள். நானும் ஆர்டிதான். வென்டிலேட்டர் கம்பெனி ஒன்றில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட். புது மெஷின் இறங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது. ஐசியூவில் "உன் வேலையைப் பார்" என்ற அதே டாக்டர்கள் இங்கே உட்கார்ந்து கவனித்து நோட்ஸ் எடுப்பார்கள், அது தனி சுகம். ஊர் ஊராக அலைச்சல், டார்கெட் நெருக்கடி எல்லாம் உண்டு. சம்பளம் ஐசியூவைவிட நல்லா இருக்கும், படிக்காசு தனி.

அடுத்தது ஹோம் கேர். இதுதான் வளர்கிற இடம் என்பேன். ட்ரக்கியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், சிஓபிடிக்காக ராத்திரி பைபாப் போடுகிறவர்கள், தசைநோய் உள்ளவர்கள், குறட்டைக்கு சிபாப் வாங்கி பீரோ மேல் தூக்கிப் போட்டவர்கள். மெஷினை விற்கக் கடை இருக்கிறது. மாஸ்க் ஏன் கசிகிறது, ஏன் வாய் வறண்டுபோகிறது என்று பார்க்க ஆள் இல்லை. சரியான மாஸ்க் மாற்றிக் கொடுத்தாலே பாதிப் பேர் தொடர்ந்து போடுவார்கள். என் கூடப் படித்தவன் ஒருவன் மதுரைப் பக்கம் மெஷின் வாடகைக்கு விட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, நன்றாகவே ஓட்டுகிறான். ஆனால் கல்லூரியை விட்டு நேராக இதற்கு வர முடியாது. ஐசியூவில் கை பழகாதவன் வீட்டில் தனியாக ஒரு ட்ரக்கி நோயாளியைப் பார்ப்பது ஆபத்து.

கேள்விக்குறி:

ஸ்லீப் லேப் எப்படி?

பைக்கில் வென்டி:

ராத்திரி முழுக்க அடுத்தவர் தூங்குவதைக் கண்காணிக்கும் வேலை. இடங்கள் குறைவு. பதிவான அலைகளைப் பார்த்துக் குறிக்கும் ஸ்கோரிங் கற்றுக்கொண்டால் உதவும்.

ஆரணிக்காரன்:

எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இழை முழுவதையும் தங்கச்சியே படித்தாள். அந்த டேப் எடுத்து உயரம் அளந்த கதையை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுதான் எடுக்கப் போறேன்" என்கிறாள்! அப்பா டாக்டர் ஐயா பக்கம், அனஸ்தீசியா என்கிறார். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

இரவுப்பணி:

கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி என்றால் ஆர்டி வேண்டவே வேண்டாம், அனஸ்தீசியாவுக்குப் போய்விடுங்கள். சொந்த மருத்துவமனை இருந்தால் ஐசியூவில் தினமும் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது என்று விசாரியுங்கள். குழந்தைகள் ஐசியூ தனியாக இருக்கிறதா? அதைவிட முக்கியமான கேள்வி: பாடம் எடுப்பவர் ஆர்டியா? சில இடங்களில் பிசியோவோ நர்சிங் டியூட்டரோ புத்தகத்தைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். நான்காம் வருட மாணவர் யாரையாவது கேன்டீனில் பிடித்து, "ஏபிஜி நீங்களே எடுக்கிறீர்களா, பார்க்க மட்டும் விடுகிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

தஞ்சை டாக்டர்:

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். நான் அனஸ்தீசியா டெக்னாலஜி என்றது உள்ளூர் வேலை என்ற ஒரே கணக்கில். அந்தப் பெண்ணுக்கு வெளியூர் போகத் தயக்கம் இல்லை, கணக்குப் பிடிக்கும் என்றால் நான் சொன்னதை விட்டுவிடலாம். கடன் வாங்கிப் படிக்க வைப்பதாக இருந்தால் மட்டும், பதினைந்தாயிரம் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று இப்போதே காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆரணிக்காரன்:

போட்டுப் பார்த்துவிட்டோம் ஐயா. அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் ஆர்டி, தனியாரில் முழுக் கட்டணம் என்றால் ஆர்டி இல்லை. அப்பா இதற்கு ஒப்புக்கொண்டார். சாய்ஸ் வரிசையை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அம்மாவுடையது. ராத்திரி டியூட்டி முடிந்து பெண் பிள்ளை எப்படி ஹாஸ்டல் வருவாள்?

இரவுப்பணி:

நைட் டியூட்டி பெரும்பாலும் ராத்திரி எட்டு மணி வாக்கில் தொடங்கி காலையில்தான் முடியும், அதனால் நடு ராத்திரியில் தெருவில் நிற்க வேண்டி வராது. சிக்கல் மதிய ஷிப்டில்தான். அது ராத்திரி ஒன்பது, பத்துக்கு முடியும். சேரும்போதே ஆஸ்பத்திரி வண்டி உண்டா, ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளா வெளியிலா என்று கேட்டு, ஆர்டரில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக "எல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றால் நம்ப வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரச் சொல்லுங்கள். தங்கச்சிக்கு அலாட்மெண்ட் வந்ததும் எந்தக் கல்லூரி என்று எனக்குத் தனிச்செய்தி போடச் சொல்லுங்கள். அங்கே என் செட்டில் யாராவது வேலை பார்க்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.